பொய்க்கால் குதிரைத்திறன்

சென்ற தை மாதம் எங்கள் குழுவின் மூத்த நண்பர் ஒருவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. முப்பதாண்டுக் காலம் நாத்திகம் பேசிச் சிற்றிதழ் நடத்தியவர், மனைவியின் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு அபிராமி சன்னதியில் மாலை மாற்றிக்கொண்டார். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், அவரே எழுதட்டும். நாங்கள் எழுத வந்தது மண்டபத்து வாசலில் நின்றிருந்த ஒரு காரைப் பற்றி. நண்பருடைய தங்கை மகனின் கார் அது. 2005ஆம் ஆண்டுப் பதிவு, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பின்கண்ணாடியில் வெள்ளி நிறத்தில் '400' என்று ஒட்டியிருந்தான். நானூறு குதிரைத்திறன் என்று பொருள். வண்டி உண்மையில் அவ்வளவு தருகிறதா என்று கேட்டோம். "இப்ப 312 மாமா. 400 டார்கெட்டு" என்றான்.

பந்தியில் இந்தக் கார்தான் பேச்சாக இருந்தது. எங்களோடு வந்திருந்த கவிஞர் ஒருவர், இதெல்லாம் நுகர்வு வெறி, இரும்புப் பித்து, நம் போன்றவர்கள் திரும்பிப் பார்க்கவும் தகாதவை என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதி முடித்துப் பாயசத்துக்குக் கை நீட்டினார். எதிர்ப்பந்தியில் பையனின் நண்பர்கள் ஒரு தாளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள், பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகத்தைக் கைமாற்றுவதுபோல. டைனோ எனப்படும் உருளை மேடையில் வண்டியை ஓட்டி எடுத்த வரைபடம் அது. மேலே தடித்த எழுத்தில் 312. கவிஞரின் இகழ்ச்சியும் அந்த இளைஞர்களின் பரவசமும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள் என்பதே எங்கள் தரப்பு. இதைச் சொன்னதற்காக அன்று இரு பந்திகளிடமிருந்தும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். இப்போது நிதானமாகச் சொல்கிறோம்.

கவிஞரை முதலில் முடித்துவிடுவோம், அதற்கு அதிக நேரம் ஆகாது. இயந்திரம் அறிவுலகுக்கு வெளியே இருக்கும் பண்டம் என்ற எண்ணம் தமிழ்ச் சிறுபத்திரிகைச் சூழலில் ஒரு சோம்பல், அவ்வளவே. திருக்கடையூரிலிருந்து கடல் பக்கமாகப் போனால் பிள்ளைபெருமாள்நல்லூரில் 330 மெகாவாட் மின் நிலையம் ஒன்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. வாயுச்சுழலி நிலையம். சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. பையனின் கார் மூடிக்குள் உள்ளங்கையளவில் இருக்கும் டர்போவும் அதே தத்துவம்தான். புகையோடு வீணாகப் போகும் வெப்பத்தைக் கொண்டு என்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டுவது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஷி 1905இல் இதற்கு உரிமம் பெற்றார். இன்று நம் வயல்களில் இறங்கும் நெல் அறுவடை இயந்திரங்களில் பலவற்றிலும் டர்போ உண்டு. அதன் அறுவடையைத்தான் கவிஞர் அன்று சாம்பாரோடு பிசைந்து உண்டார்.

குதிரைத்திறன் என்ற சொல்லும் காவிரிப் படுகைக்கு அந்நியமில்லை. எச்.பி. என்றால் என்னவென்று இங்கே சிறு விவசாயிக்கும் தெரியும். போர்வெல் மோட்டாரை அவர் அந்தக் கணக்கில்தான் வாங்குகிறார். பையனின் தந்தையுடைய மோட்டார் ஐந்து எச்.பி. அது இறைக்கும் தண்ணீரில்தான் அந்தக் குடும்பத்தின் நிலம் பச்சை கட்டுகிறது. நானூறு குதிரைத்திறன் என்றால் அப்படிப்பட்ட மோட்டார்கள் எண்பது, ஒரே நேரத்தில், ஒரு காருக்குள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் நாங்கள் முதலில் திடுக்கிட்டோம். அடுத்த திடுக்கிடல், டார்கெட்டை எட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது. மூன்று மா நிலத்தை, அதாவது ஓர் ஏக்கரை, அடமானம் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இது ரசனை பற்றிய வழக்கு மட்டுமல்ல.

காருக்கு வருவோம். ஆக்டேவியா ஆர்.எஸ். 2004இல் இந்தியாவுக்கு வந்தபோது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜினும் 150 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. அக்காலத்து இந்தியச் சாலைகளில் டர்போ பெட்ரோல் கார் என்பதே அபூர்வம். இருபது ஆண்டுகள் கழித்தும் அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். இருக்க வேண்டிய கார்தான், அதில் எங்களுக்குக் கருத்து வேறுபாடில்லை. வார்ப்பிரும்புப் பிளாக், சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், பொறுமையான வடிவமைப்பு. கட்டியவர்கள் தாங்குதிறனில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கட்டினார்கள். கணினிப் பெட்டியின் நிரலை மட்டும் மாற்றினாலே 190, 200 என்று எட்டிவிடும். அதற்குமேல் அந்தச் சிறிய டர்போவுக்கு மூச்சு வாங்கும். காற்றை அமுக்குவதைவிடச் சூடாக்குவதில்தான் அதன் உழைப்பு போகும். உடனே பெரிய டர்போ வாங்கு என்பார்கள். பையனும் வாங்கினான்.

வாங்கியவனிடம் யாரும் சொல்லாதது இது. நானூறு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் பதினெட்டு கிலோ காற்று வேண்டும். ஒரு சிறிய அறையின் முழுக் காற்றை ஒவ்வொரு நிமிடமும் என்ஜின் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். அதனோடு கலக்க நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல். பழைய பெட்ரோல் பம்ப் அதைத் தருமா? இன்ஜெக்டர்கள் தருமா? ஒரு சிலிண்டருக்கு மட்டும் சற்றுக் குறைந்தால்கூட அந்த சிலிண்டரின் பிஸ்டன் மெழுகாக உருகும்.

வெப்பத்தின் கதை இன்னும் கொடியது. காற்றைப் பாதி கன அளவுக்கு அமுக்க முயன்றால் அது சும்மா இருக்காது, காயும். நம் ஊரின் 35 டிகிரிக் காற்றை வெளியழுத்தத்தைப்போல் இருமடங்குக்கு அமுக்கினால், டர்போவிலிருந்து 130 டிகிரியை ஒட்டி வெளிவரும். அதைக் குளிரவைத்து உள்ளே விடத்தான் இன்டர்கூலர். குளிரவைக்கப் பயன்படுவதும் அதே 35 டிகிரிக் காற்றுதான், சித்திரையில் நாற்பது. சூடான கலவை தீப்பொறி பற்றவைக்கும் வரை காத்திராமலும், பற்றிய தீ பரவி வரும் வரை பொறுக்காமலும், தானாகவே ஒரு மூலையில் வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டியதுபோல் சத்தம் வரும். பெரிய அழுத்தத்தில் அந்தச் சத்தம் சில விநாடிகள் நீடித்தால் போதும், பிஸ்டனின் விளிம்பு உடையும். ஐரோப்பாவின் குளிரில் எழுதிய நிரலை இணையத்தில் விலைக்கு வாங்கி மயிலாடுதுறை வெயிலில் ஏற்றினால் நடப்பது இதுதான். 15 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்று எட்டு விழுக்காடு அடர்த்தி குறைந்தது என்பதால் சக்தியும் அந்த அளவில் குறைந்துதான் தொடங்குகிறது.

பெட்ரோலின் கதை ஒரு கிளைக்கதை, ஆனால் தஞ்சைக்காரர்கள் கேட்க வேண்டியது. இன்று பம்புகளில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் குணமுடையது, ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும். டர்போ என்ஜினுக்கு அது நண்பன்தான். ஆனால் பெட்ரோலைவிட அதில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, எனவே அதிக அளவு ஊற்ற வேண்டும். 2005ஆம் ஆண்டு ரப்பர்க் குழாய்களும் பம்பும் இந்த விகிதத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவையும் அல்ல. இந்த எத்தனாலில் ஒரு பகுதி உணவுக் கழகத்தின் அரிசியிலிருந்து வடிக்கப்படுவது. நிலத்தை அடமானம் வைத்து வாங்கும் டர்போவில் நெல்லே எரிகிறது என்பதைக் கவிஞர் கவனித்திருந்தால் நல்ல கவிதை கிடைத்திருக்கும்.

நிற்க. இனி அந்தத் தாள்.

312 என்ற எண் எங்கே அளக்கப்பட்டது? சக்கரத்தில் என்றால் ஒரு கணக்கு. என்ஜின் தண்டில் என்றால், சக்கரத்தில் அளந்ததோடு கியரிலும் அச்சிலும் இழந்ததாக ஊகித்த பத்து அல்லது பதினைந்து விழுக்காட்டைப் பட்டறைக்காரர் கூட்டிக்கொண்டது. அன்றைய காற்றின் வெப்பம் என்ன? வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஈடாக எண்ணைத் திருத்துவதற்குச் சூத்திரங்கள் உண்டு, எந்தச் சூத்திரம்? என்ன பெட்ரோல்? எத்தனை முறை ஓட்டினார்கள், ஐந்தாம் முறை ஓட்டியபோது என்ன வந்தது? தாளில் ஒன்றுமே இல்லை. பட்டறையின் முத்திரையும் எண்ணும் மட்டும் இருந்தன. பின்னட்டைப் புகழுரையை மட்டும் வாசித்துவிட்டு நாவலை மதிப்பிடுகிறவர்களை இதே குழுவில் எத்தனை முறை கிழித்திருக்கிறோம்!

எண் பொய் சொல்வது எல்லாத் திசையிலும் நடந்திருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் 1989 முதல் 2004 வரை உள்நாட்டில் எந்தக் காரையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் விற்பதில்லை என்று தமக்குள் பேசிவைத்திருந்தன. நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். ஏட்டில் 280, உள்ளே அதைவிட அதிகம் என்பது ஊரறிந்த ரகசியம். அடக்கத்துக்காகச் சொன்ன பொய். மறுகோடியில் பி.எம்.டபிள்யூ. 1980களில் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அவர்கள் கட்டிய ஒன்றரை லிட்டர் டர்போ என்ஜின், 1960களின் சாதாரண நாலு சிலிண்டர்க் காரின் இரும்புப் பிளாக்கை அடிப்படையாகக் கொண்டது. நெல்சன் பிகே 1983இல் உலகப் பட்டம் வென்றது அதில்தான். தகுதிச்சுற்றுக்கென்று சில சுற்றுகள் மட்டும் உயிர் வாழுமாறு அழுத்தத்தை ஏற்றியபோது அது எவ்வளவு தந்தது? வடித்த பொறியாளர் பால் ரோஷே அனுமானமாகத்தான் சொன்னார், ஏனென்றால் அவர்களுடைய அளவுமேடையின் எல்லை 1280 குதிரைத்திறன். அளக்க முடிந்தவரை அளந்தேன், மேலே தெரியாது என்பது ஒரு மேதையின் நேர்மை. நம் பட்டறைக்காரருக்கோ கடைசி இலக்கம் வரை தெரிந்திருக்கிறது.

இந்த ஊரிலேயே ஒரு கதை உண்டு. அமாவாசையன்று திதி என்ன என்று சரபோஜி மன்னர் கேட்டபோது அபிராமி பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். அவருக்காக அன்னை தன் தோட்டை வானில் எறிந்து நிலவாக்கினாள் என்பார்கள். அது பரவசத்தில் வந்த வார்த்தை. டைனோ தாளுக்காக எந்தத் தோடும் வானேறாது.

சரி, கட்டவே கூடாதா? கட்டலாம். எப்படிக் கட்டுவது என்பதற்குத் தொழிற்சாலையே பாடம் எழுதி வைத்திருக்கிறது. இதே 1.8 டர்போ குடும்பத்து என்ஜினை ஆடி நிறுவனம் தன் டி.டி. காரில் 225 குதிரைத்திறனுக்கு உயர்த்தியபோது டர்போவை மட்டும் மாற்றவில்லை. ஒரு இன்டர்கூலர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தது, பெரிய இன்ஜெக்டர்கள் போட்டது, அழுத்த விகிதத்தைக் குறைத்தது, சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்தது. எழுபத்தைந்து குதிரைக்கு இவ்வளவு. பையன் ஏற்றியதோ 162. கனெக்டிங் ராடுகள் பழையவை. இந்த என்ஜினில் முந்நூறை ஒட்டிப் பழைய ராடுகள் வளையத் தொடங்கும் என்பது உலகெங்கும் இதைக் கட்டிப் பார்த்தவர்களின் அனுபவம். கிளட்ச் பழையது. இழுப்பது முன்சக்கரங்கள் இரண்டு மட்டும். பிரேக் 150 குதிரைக்கு வைத்தது.

மயிலாடுதுறையில் லேத் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் பையனைக் கூட்டிப்போனோம். பம்புசெட் டீசல் என்ஜின்களுக்கு ரீபோர் செய்து கை பழகியவர். டர்போ கார் அவருக்குப் புதிதாகத்தான் இருக்கும் என்று பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தான். அவர் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தார், விரலில் தேய்த்தார்.

"தம்பி, ஆயில் பம்பு ஜாலியக் கழட்டிப் பாத்திருக்கீங்களா?"

"இல்லண்ணே. அது எதுக்கு?"

"இருவது வருசத்துச் சேறு அங்கதான் ஒக்காந்திருக்கும். டர்போ சுத்துறது ஆயில் மேலதான? அது வரலன்னா ஒரு நிமிசந்தான். எவ்வளவு ஏத்தலாம்னு அப்பறம் பேசுவோம். மொதல்ல எது போவும்னு பாருங்க."

முப்பது பக்கம் எழுதினாலும் நாங்கள் இதைவிடச் சரியாகச் சொல்லப்போவதில்லை. பழைய டர்போ காரில் சக்தி என்பது கட்டியவன் அன்று விட்டுவைத்த மிச்சத்தைச் செலவழிப்பது. செலவழிக்கும் முன், இருபதாண்டுத் தேய்மானம் அந்த மிச்சத்தில் எவ்வளவைத் தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே வேலையின் வரிசை எண்ணைத் துரத்துகிறவனின் வரிசைக்கு நேர் தலைகீழாக இருக்கிறது. எண்ணெய், குளிர்நீர், ரப்பர்க் குழாய், பிரேக், டயர் என்று யாரும் படம் பிடித்துப் போடாத செலவுகள் முதலில். பிறகு எரிபொருள், குளிர்விப்பு. பிறகு ராடு, கிளட்ச். டர்போ கடைசியில். இந்த வரிசையில் போகிறவன் பலமுறை 220, 250இலேயே திருப்தியோடு நின்றுவிடுகிறான், ஏனென்றால் அதற்குள் வண்டி அவனுக்குப் போதுமானதாகிவிடுகிறது. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையை நாம் ரசிப்பது எதற்காக? குதிரைக்குள் இருக்கும் ஆட்டக்காரர் கட்டைக்காலில் நின்று, கூட்டையும் தன் உடம்பால் தாங்கி ஆடுகிறார். பளபளக்கும் கூடு மட்டும் தானாக ஆடுவதில்லை.

எல்லாம் சரியாகவே கட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். எங்கே ஓட்டுவான்? நாகப்பட்டினம் நெடுஞ்சாலையில் என்று கூசாமல் சொன்னான். தையில் அந்தச் சுற்றுவட்டாரச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பா அறுவடை முடிந்து, களம் போதாமல், தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். தள்ளுபலகையோடு பெண்கள் குனிந்து நிற்பார்கள். நெல்மணி மேல் ஏறிய டயருக்குப் பிடிப்பு கிடையாது, முந்நூறு குதிரை முன்சக்கரத்தில் இழுக்கும்போது கேட்கவே வேண்டாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்தத் தேவையான ஆற்றலைப்போல் இரண்டரை மடங்கு 160இல் வேண்டும். கன்றின் மேல் தேர் ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனின் கதை நடந்ததாகச் சொல்லப்படும் திருவாரூர் இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. அந்தக் கதையைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறோம், பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டிருக்கிறோம். நெல் காயும் சாலையில் 160 போவதை மட்டும் இளமைத் துடிப்பு என்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. உற்பத்தியாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேறு வேண்டும். அதற்குமுன் பழைய டர்போவைத் திரும்ப மாட்டிக் காட்டிவிட்டு, பிறகு கழற்றிவிடலாம் என்று பையனுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்டோம், சிரித்தான். இந்தச் சட்டம் மொண்ணையானது, ஒலிபெருக்கிக் குழலையும் உயிர்காக்கும் பிரேக்கையும் ஒரே தட்டில் வைக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பிரேக்கை மேம்படுத்தியவன் அந்த வாதத்தைச் செய்யட்டும், கேட்கிறோம்.

ஓட்டுவதற்கு இடம் இல்லாமலும் இல்லை. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஓட்டிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பந்தயக்காரர்களுக்கு 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரிவர்தனின் பெயரால் ஒரு தடம் இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் இறந்த அந்தக் கோவைக்காரர் மாருதி 800இன் 796 சிசி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அந்த வகைக் காரில் ஓட்டியவர்தான். நாற்பது குதிரையை ஒட்டிய ஒரு குடும்பக் கார் என்ஜினிலிருந்து கிளம்பி அவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பின்கண்ணாடியில் ஒட்ட முடியாது.

பையன் இன்னும் அடமானப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கவில்லை. ஆயில் பம்பு ஜாலியைக் கழற்றிப் படம் அனுப்பியிருந்தான்; பாதிக்குமேல் கரி அடைத்திருந்தது. 400 என்ற ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது, டார்கெட்டும் அப்படியே. அந்தப் பட்டறைக்காரர் நாங்கள் பெயர் சொல்லாமலே தன்னை அடையாளம் கண்டுகொள்வார். அவரிடம் ஒரே கோரிக்கை. அடுத்த முறை மேடையில் ஏற்றும்போது அன்றைய வெப்பம், என்ன பெட்ரோல், சக்கரத்திலா தண்டிலா, எந்தத் திருத்தச் சூத்திரம், ராடு பழையதா புதியதா, பிரேக் எந்தக் காலத்தது என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பையனின் தந்தைக்கும் ஒரு நகல்.